டெக்சாஸ் கவுன்ட்டிகளின் மக்கள்பெருக்கம்: உள்ளூர்க்காரர்கள் எதை எதிர்க்கிறார்கள், யாரிடம் முறையிடுகிறார்கள்?

டெக்சாஸில் 254 கவுன்ட்டிகள் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) இருக்கின்றன. 2010-க்கும் 2020-க்கும் இடையே மாநிலத்தின் மக்கள்தொகை 2.51 கோடியிலிருந்து 2.91 கோடியாக உயர்ந்தது. அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில் இரண்டு இடங்கள் கூடுதலாகக் கிடைத்தன. அதே பத்தாண்டில் 143 கவுன்ட்டிகளில் மக்கள்தொகை குறைந்தது. புதிதாகச் சேர்ந்த 40 லட்சம் பேரில் பெரும்பாலோர் டாலஸ்-ஃபோர்ட் வொர்த், ஹூஸ்டன், ஆஸ்டின், சான் அன்டோனியோ ஆகிய பெருநகரங்களிலும் அவற்றை ஒட்டிய கவுன்ட்டிகளிலும் குவிந்தார்கள். ஆஸ்டினுக்குத் தெற்கே இருக்கும் ஹேஸ் கவுன்ட்டி 1.57 லட்சத்திலிருந்து 2.41 லட்சமானது, அதாவது 53 சதவீதம். ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வசிக்கும் கவுன்ட்டிகளில் நாட்டிலேயே இதுதான் மிக வேகமான வளர்ச்சி. மேற்குக் கோடியில் லவிங் கவுன்ட்டியில் 82 பேர் இருந்தது 64 ஆனது.

டாலஸுக்கு வடக்கே காலின் கவுன்ட்டியில் 1960-ல் 41,247 பேர் இருந்தார்கள். பருத்தி வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த இடம். 2000-ல் 4.92 லட்சம், 2010-ல் 7.82 லட்சம், 2020-ல் 10.64 லட்சம், 2024-க்கான மதிப்பீடு 12.5 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. பிளேனோ, ஃபிரிஸ்கோ, மெக்கின்னி, ஆலன் எல்லாம் இங்கேதான். (ஃபிரிஸ்கோவின் ஒரு பகுதி பக்கத்து டென்டன் கவுன்ட்டியில் விழும்.) ஐடி வேலைக்காக வந்து வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களும் இங்கே கணிசம். மாநிலத்தின் மற்ற புறநகர்க் கவுன்ட்டிகளில் இன்று கேட்கும் சண்டைகளில் பாதியாவது காலினில் முன்பே நடந்து முடிந்தவை. அதனால் இந்தக் கட்டுரை பெரும்பாலும் காலினைச் சுற்றியே போகும்.

உள்ளூர் எதிர்ப்பைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். வளர்ச்சியை அனுமதிக்கும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கிறது, செலவு இன்னொருவர் தலையில் விழுகிறது, கூட்டத்தில் திட்டு வாங்குபவர் மூன்றாவது ஆள். டெக்சாஸ் சட்டங்கள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன.

வருபவர்கள் யார்?

“கலிஃபோர்னியாக்காரர்கள் வந்து ஊரைக் கெடுக்கிறார்கள்” என்பது பிரபலமான புலம்பல். காரின் பின்பக்க ஸ்டிக்கராகவே விற்கிறது. வெளிமாநிலங்களிலிருந்து வருபவர்களில் கலிஃபோர்னியர்கள்தான் அதிகம் என்பது உண்மை. ஆனால் 2010-20 வளர்ச்சியில் ஏறத்தாழ பாதி, பிறப்பு இறப்பைவிட அதிகமாக இருந்ததால் வந்தது. இனவாரியாகப் பார்த்தால் வளர்ச்சியில் 95 சதவீதம் வெள்ளையர் அல்லாதோர். அதில் ஹிஸ்பானியர் மட்டும் கிட்டத்தட்டப் பாதி. டாலஸ் கவுன்ட்டியில் உள்நாட்டுக் குடிபெயர்வு கணக்கு பல ஆண்டுகளாக மைனஸில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்புபவர்களில் பலர் வடக்கே காலினுக்கும் கிழக்கே காஃப்மனுக்கும்தான் போகிறார்கள். காஃப்மன் 2022-23-ல் 7.6 சதவீதம் வளர்ந்து நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. அதாவது ‘வெளியாள்’ என்று சுட்டப்படுபவர் பல நேரம் நாற்பது நிமிடத் தொலைவிலிருந்து வீட்டு விலை கட்டாமல் கிளம்பியவர்.

எண்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஆண்டுதோறும் மார்ச்சில் கவுன்ட்டிக்கும் மே மாதம் நகரங்களுக்கும் மத்தியக் கணக்கெடுப்பு அமைப்பான சென்சஸ் பீரோ வெளியிடுபவை தலை எண்ணிப் போட்ட கணக்கு அல்ல, மதிப்பீடுகள். பிறப்பு இறப்புப் பதிவு, வருமான வரித் தாக்கலில் மாறும் முகவரி, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பதிவு முதலியவற்றை வைத்து ஜூலை 1 நிலவரமாகக் கணிக்கிறார்கள். பத்தாண்டுக்கு ஒரு முறை எடுக்கும் கணக்கும் பிசகும். 2020-ல் டெக்சாஸில் 1.92 சதவீதம் பேர் விடுபட்டதாக பீரோவின் சொந்தச் சரிபார்ப்பே சொன்னது. பல மத்திய நிதிகள் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பிரிக்கப்படுகின்றன என்பதால், வேகமாக வளரும் ஊர் எப்போதும் பழைய எண்ணுக்கான பணத்தில் புதிய எண்ணுக்கான சாலையைப் போட்டுக்கொண்டிருக்கும்.

கவுன்ட்டி கையில் என்ன இருக்கிறது?

டெக்சாஸ் கவுன்ட்டியை நடத்துவது கமிஷனர்ஸ் கோர்ட். பெயரில்தான் கோர்ட், ஒரு கவுன்ட்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்த நிர்வாகக் குழு அது. கவுன்ட்டி என்பது மாநில அரசின் ஓர் அங்கம். சட்டம் வெளிப்படையாகக் கொடுக்காத எந்த அதிகாரமும் அதற்குக் கிடையாது. கொடுக்காத அதிகாரங்களில் முக்கியமானது மண்டலப் பிரிப்பு. இங்கே வீடு, அங்கே தொழிற்சாலை, இந்தப் பகுதியில் ஏக்கருக்கு இரண்டு வீட்டுக்கு மேல் கூடாது என்று வகுப்பதெல்லாம் நகரங்களுக்கு மட்டும் உரியது. சில ஏரிக்கரைகள் போன்ற விதிவிலக்குகளை விட்டுவிட்டால், நகர எல்லைக்கு வெளியே ஒருவர் தன் நிலத்தில் 600 வீடு கட்டினாலும் கான்கிரீட் கலவை ஆலை வைத்தாலும் ‘இந்த இடத்தில் கூடாது’ என்று சொல்ல கவுன்ட்டியால் முடியாது.

மனைப்பிரிவு வரைபடத்துக்கு ஒப்புதல் தருவது கவுன்ட்டியின் வேலை. ஆனால் அது சரிபார்ப்பு வேலை. சாலை அகலம், மழைநீர் வடிகால், வெள்ளம் சூழும் பகுதியின் எல்லை போன்றவை விதிப்படி இருந்தால் ஒப்புதல் கொடுத்தே ஆக வேண்டும். 2019 சட்டப்படி 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் எந்த விதியை மீறுகிறது என்று எழுத்தில் காட்ட வேண்டும். கமிஷனர்ஸ் கோர்ட்டில் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி இதன் விளைவு. அக்கம்பக்கத்து ஆட்கள் வரிசையில் நின்று ஆளுக்குச் சில நிமிடம் போக்குவரத்து, தண்ணீர், பள்ளி என்று கொட்டித் தீர்ப்பார்கள். கமிஷனர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். பிறகு ஒருமனதாக ஒப்புதல் கொடுப்பார்கள். பில்டர் காசு கொடுத்துவிட்டார் என்று கூட்டத்தில் முணுமுணுப்பு கேட்கும். பெரும்பாலும் காரணம் அதைவிடச் சாதாரணமானது: மறுத்தால் வழக்கு வரும், வழக்கில் கவுன்ட்டி தோற்கும்.

மிச்சம் இருக்கும் ஒரே சுற்றுவழி கழிவுநீர். மாநில விதிப்படி, பொதுக் குடிநீர் இணைப்பு இருந்து செப்டிக் டேங்க் வைப்பதானால் மனை குறைந்தது அரை ஏக்கர். சொந்த ஆழ்துளைக் கிணறும் செப்டிக் டேங்கும் சேர்ந்தால் ஒரு ஏக்கர். கவுன்ட்டிகள் இதைவிடக் கடுமையான விதி போடலாம். அடர்த்தியைக் கட்டுப்படுத்த நினைக்கும் கவுன்ட்டிகள் சுகாதார விதி என்ற பெயரில் இதைத்தான் இறுக்குகின்றன. பொதுக் கழிவுநீர்க் குழாய் வந்துவிட்டால் இந்தப் பிடியும் போய்விடும். குழாயைக் கொண்டுவருவதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது.

மட்: வீடு வாங்கியவர் திருப்பிக் கட்டும் கடன்

முனிசிபல் யுட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட், சுருக்கமாக மட். நகரத்துக்கு வெளியே குடிநீர், கழிவுநீர், வடிகால் வசதியை அமைக்க வரி போடும் அதிகாரத்தோடு உருவாக்கப்படும் சிறு அரசு இது. மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நிலச் சொந்தக்காரர் மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்திடம் விண்ணப்பித்தோ சட்டமன்றத்தில் தனி மசோதா போட்டோ மட்டை உருவாக்குவார். ஐந்து இயக்குநர்கள். அதை உறுதிசெய்யவும் கடன் வாங்க அனுமதிக்கவும் தேர்தல் நடக்க வேண்டும். அந்த நேரத்தில் நிலத்தில் புல்லைத் தவிர ஒன்றும் இருக்காது. அதனால் ஒரு மொபைல் ஹோமைக் கொண்டுவந்து நிறுத்தி, அதில் ஒன்றிரண்டு பேரைக் குடிவைத்து, வாக்காளராகப் பதிய வைப்பதுண்டு. அந்த இரண்டு மூன்று ஓட்டில் பல கோடி டாலர் பாண்டுகளுக்கு (கடன்பத்திரங்களுக்கு) அனுமதி கிடைத்துவிடும். இது டெக்சாஸில் ஊரறிந்த சங்கதி.

பிறகு பில்டர் சொந்தப் பணத்தில் குழாய் பதிப்பார். வீடுகள் விற்று வரி மதிப்பு உயர்ந்ததும் மட் பாண்டு வெளியிட்டு அவருக்குச் செலவைத் திருப்பிக் கொடுக்கும். பாண்டை அடைப்பது வீட்டுக்காரர்களின் சொத்து வரி. 4 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு, நூறு டாலருக்கு 90 சென்ட் என்று மட் வரி இருந்தால் ஆண்டுக்கு 3,600 டாலர். பள்ளி வரி, கவுன்ட்டி வரி எல்லாம் இதற்கு மேல். ஆண்டுகள் போகப் போக, வீடுகள் கூடக் கூட, விகிதம் இறங்கும். முதலில் வாங்குபவருக்குத்தான் பாரம் அதிகம்.

புதுவீடு வாங்குபவர்கள் தடுமாறுவது முதலாண்டில் அல்ல, இரண்டாம் ஆண்டில். சொத்து வரிக்கான மதிப்பு ஜனவரி 1 நிலவரப்படி போடப்படுகிறது. செப்டம்பரில் குடியேறினால், அந்த ஜனவரியில் அங்கே வெறும் மனையோ பாதி எழும்பிய சட்டகமோதான் இருந்திருக்கும். வரியும் அதற்கேற்பக் குறைவாக வரும். வங்கியும் அதையே வைத்து, தவணையோடு வரிக்காகப் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ கணக்கில் மாதாமாதம் பிடிக்கும். அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கு வரி வந்ததும் எஸ்க்ரோவில் பற்றாக்குறை விழும். பற்றாக்குறையை ஈடுகட்டவும் புது வரிக்காகவும் சேர்த்து மாதத் தவணை பல நூறு டாலர் ஏறும். வாங்கும்போதே கட்டி முடித்த வீட்டின் மதிப்பை எல்லா வரி விகிதங்களாலும் பெருக்கிப் பார்த்துவிட்டால் இந்த அதிர்ச்சி இல்லை. மட்டுக்குள் வரும் வீடு என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கையெழுத்துப் போடும் கட்டுக்குள் அந்தத் தாளும் இருக்கும், படிப்பவர்கள் குறைவு.

மட்டுக்குள் போடும் சாலைகள் பல இடங்களில் உத்தரவாதக் காலம் முடிந்ததும் கவுன்ட்டியின் பராமரிப்புக்கு வரும். ஷெரிஃபும் (கவுன்ட்டிக் காவல்) கவுன்ட்டி செலவு. தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் அவசரச் சேவை டிஸ்ட்ரிக்ட் என்று இன்னொன்று. அதன் வரிக்கு நூறு டாலருக்கு 10 சென்ட் உச்சவரம்பு. நகரங்கள் புது வீடுகளிடம் சாலைக்கும் குழாய்க்கும் ‘இம்பாக்ட் ஃபீ’ வாங்கலாம், 1987 முதல் சட்டம் இருக்கிறது. கவுன்ட்டிக்குச் சாலைக்காக அப்படி வாங்க வழியில்லை. அதனால் சாலை என்றால் கவுன்ட்டி முழுவதும் ஓட்டுப் போட்டுக் கடன் வாங்க வேண்டும். காலின் 2018-ல் சாலைகளுக்காக 74 கோடி டாலர் கடனுக்கு அப்படி அனுமதி வாங்கியது. 2019-க்குப் பிறகு நகரங்கள் பக்கத்து நிலத்தை உரிமையாளர் சம்மதமில்லாமல் இணைத்துக்கொள்வது ஏறக்குறைய நின்றுபோனது. 2023 சட்டம் நகர எல்லையைச் சுற்றிய கண்காணிப்பு வளையத்திலிருந்தே மனு கொடுத்து விலகிக்கொள்ள நில உரிமையாளருக்கு வழி திறந்தது. நகர விதிகளுக்கு வெளியே கட்டுவது இதனால் இன்னும் எளிதானது.

வைக்கோல் கட்டும் வரி விலக்கும்

பழைய குடிகளின் கோபம் அதிகம் கிளம்புவது சொத்து வரி நோட்டீஸ் வரும் ஏப்ரல், மே மாதங்களில். மாநில வருமான வரி இல்லாத டெக்சாஸில் உள்ளூர் அரசுகளின் பெரும் வருமானம் சொத்து வரி. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு கைமாறியதும் அந்த வரம்பு கழன்றுவிடும். எனவே அடுத்தடுத்த, ஒரே மாதிரியான இரண்டு வீடுகளில் இருபது வருடமாக இருப்பவர் குறைவாகவும் போன வருடம் வந்தவர் அதிகமாகவும் கட்டுவது சகஜம். வந்தவர்களால் நம் வரி ஏறுகிறது என்ற பேச்சை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். 65 வயது தாண்டியவர்களுக்குப் பள்ளி வரி தொகையாகவே உறைந்துவிடும். பள்ளி பாண்டு நிறைவேறினாலும் அவர்கள் பில் மாறாது.

இன்னொரு முரண், வளர்ச்சியின் வாசலில் நிற்கும் வயல்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் கோடிக்கணக்கில் விலைபோகும் நிலத்தில் வைக்கோல் உருளைகளோ நாலு மாடுகளோ தெரிந்தால் அங்கே விவசாய மதிப்பீடு நடப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சந்தை விலைக்கு அல்ல, விளைச்சல் வருமானத்துக்கே வரி. வீடு கட்டத் தொடங்கும் நாளில் முந்தைய ஆண்டுகளின் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். 2019 வரை ஐந்தாண்டு வித்தியாசமும் 7 சதவீத வட்டியும் இருந்தது. அதை மூன்றாண்டு, 5 சதவீதமாகக் குறைத்தார்கள். 2021-ல் வட்டியையே எடுத்துவிட்டார்கள். நிலத்தை வாங்கிப் போட்டுக் காத்திருப்பதற்கு மாநிலமே கொடுக்கும் சலுகை இது. விவசாயியைக் காக்க வந்த விதிதான், இன்றும் பலரைக் காக்கவும் செய்கிறது. ஆனால் வளரும் கவுன்ட்டியில் அதிகம் பயனடைவது யார் என்று பார்த்தால், பட்டியலில் பில்டர்கள் முன்வரிசையில் இருப்பார்கள்.

பள்ளி: ஒரு முனையில் ட்ரெய்லர் வகுப்பு, மறுமுனையில் பூட்டு

மாநிலம் பள்ளிகளுக்குத் தரும் பணம் சேர்க்கையைப் பார்த்து அல்ல, அன்றாட வருகையின் சராசரியைப் பார்த்து. மாணவர் ஒருவருக்கான அடிப்படைத் தொகை 2019-லிருந்து 6,160 டாலரிலேயே நின்றது. 2025-ல் 55 டாலர் கூட்டினார்கள். கட்டடம் கட்ட இந்தப் பணம் உதவாது. அதற்குப் பாண்டு வேண்டும், பாண்டுக்கு ஓட்டு வேண்டும். 2019 முதல், பள்ளிப் பாண்டு ஓட்டுச்சீட்டில் ‘இது சொத்து வரி உயர்வு’ என்ற வாசகம் பெரிய எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். வளரும் ஊரில் புது வீடுகள் வரிமதிப்பைக் கூட்டுவதால் விகிதத்தை ஏற்றாமலேயே கடனை அடைக்க முடியும். அப்போதும் அந்த வாசகம் இருக்கும். பல பாண்டுகள் தோற்பதற்கு இந்த ஒரு வரியும் ஒரு காரணம் என்று பள்ளி நிர்வாகங்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

பாண்டு தோற்றால் குழந்தைகள் வராமல் இருக்கப் போவதில்லை. விளையாட்டு மைதானத்தில் ட்ரெய்லர் வகுப்பறைகள் வரும், மதிய உணவு இடைவேளை பல சுற்றாகப் பிரியும், அடுத்து பள்ளி எல்லையை மாற்றி வரைவார்கள். பெற்றோரை உண்மையிலேயே தெருவுக்குக் கொண்டுவருவது இந்த எல்லை மாற்றம்தான். ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டம் உயர்நிலைப் பள்ளிகளை ஏறக்குறைய 2,100 மாணவர் அளவில் சிறியதாக வைப்பது என்று கொள்கை வைத்துப் பன்னிரண்டு உயர்நிலைப் பள்ளிகள் வரை கட்டியது. ஒவ்வொரு புதுப் பள்ளிக்கும் எல்லைகள் நகர்ந்தன. ‘இந்தப் பள்ளிக்காகத்தான் இந்தத் தெருவில் வீடு வாங்கினோம்’ என்ற வாதம் ஒவ்வொரு கூட்டத்திலும் எழும். வீட்டு ஒப்பந்தத்தில் பள்ளி உத்தரவாதம் எதுவும் கிடையாது என்பதை முகவர்கள் முதலிலேயே அழுத்திச் சொல்வதில்லை.

இப்போது கதை திரும்பியிருக்கிறது. பிளேனோவில் பள்ளி மாவட்டம் இரண்டு தொடக்கப் பள்ளிகளையும் இரண்டு நடுநிலைப் பள்ளிகளையும் மூட 2024-ல் முடிவெடுத்தது. ஃபிரிஸ்கோவும் ஒரு நடுநிலைப் பள்ளியை மூடியது. அரைமணி நேரம் வடக்கே, அதே கவுன்ட்டியில், செலைனாவிலும் பிரின்ஸ்டனிலும் இடம் போதவில்லை. தெற்கே குழந்தைகள் வளர்ந்து கல்லூரிக்குப் போய்விட்டார்கள், பெற்றோர் வீட்டை விற்கவில்லை, விற்றாலும் அந்த விலையில் இளம் தம்பதிகளால் வாங்க முடியவில்லை. கவுன்ட்டி மொத்தமாக ஆண்டுக்குப் பல்லாயிரம் பேர் கூடினாலும் வளர்ச்சி ஒரு பட்டையாக வடக்கு நோக்கி நகர்கிறது. அது கடந்துபோன இடத்தில் கட்டடங்கள் மிஞ்சுகின்றன.

அடுக்குமாடி என்றால் அலர்ஜி

குடியிருப்பு எதிர்ப்பில் மிகக் காரமானது அடுக்குமாடிக்கு எதிரானது. பிளேனோ 2015-ல் ‘பிளேனோ டுமாரோ’ என்ற வளர்ச்சித் திட்டத்தை நிறைவேற்றியது. அடர்த்தி கூடும், புறநகர்த் தன்மை போய்விடும் என்று எதிர்த்தவர்கள் பொதுவாக்கெடுப்பு கேட்டு 4,000-க்கு மேல் கையெழுத்துத் திரட்டினார்கள். நகரச் செயலர் அந்த மனுவை நகர மன்றத்துக்கு அனுப்பவில்லை. வழக்கு ஐந்தாண்டு ஓடியது. 2020-ல் மன்றம் திட்டத்தையே ரத்துசெய்து 1986-ஆம் ஆண்டுத் திட்டத்துக்குத் திரும்பியது. டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தை 2017-ல் அதே ஊரில் திறந்திருந்தது. வேலை வேண்டும், வேலைக்கு வருபவர்கள் வேறெங்காவது தங்க வேண்டும் என்பதுதான் நடைமுறையில் அதன் பொருள்.

சட்டம் கொடுத்திருந்த ஆயுதம் ஒன்று உண்டு. மண்டல மாற்றம் கேட்கப்படும் இடத்தைச் சுற்றி 200 அடிக்குள் உள்ள நிலத்தில் 20 சதவீதத்துக்கு உரியவர்கள் எழுத்தில் ஆட்சேபித்தால், நகர மன்றத்தில் நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். இரண்டு மூன்று பெரிய மனைக்காரர்கள் நினைத்தாலே திட்டம் முடங்கும். 2025-ல் சட்டமன்றம் இதைத் தளர்த்தியது: வீடுகளைக் கூட்டும் மாற்றங்களுக்கு இனி 60 சதவீத ஆட்சேபம் வேண்டும், அதையும் சாதாரணப் பெரும்பான்மையால் மன்றம் கடக்கலாம். பெரிய நகரங்களில் வணிக மண்டலத்தில் அடுக்குமாடிக்கு அனுமதி, 3,000 சதுர அடியிலேயே மனை என்ற சட்டங்களும் அதே ஆண்டில் வந்தன. உள்ளூர் எதிர்ப்பு பலிக்கும் இடங்களை ஆஸ்டினில் இருக்கும் சட்டமன்றம் ஒவ்வொன்றாக அடைத்துவருகிறது. வீட்டுப் பற்றாக்குறைக்கு இது தேவையான மருந்து என்றே தோன்றுகிறது. ஆனால் அதே சட்டமன்றம் சாலைக்கும் பள்ளிக்கும் பணம் திரட்டும் வழிகளையும் சேர்த்து இறுக்கியிருப்பது ஒட்டவில்லை. 2019 முதல் கவுன்ட்டிகளும் பெரிய நகரங்களும் பழைய சொத்துகளிடமிருந்து 3.5 சதவீதத்துக்கு மேல் கூடுதல் வருமானம் பெற வாக்கெடுப்பு வேண்டும்.

பிரின்ஸ்டன் வேறொரு வழியை முயன்றது. 2020-ல் 17,027 பேர் இருந்த ஊர், 2024-ல் 37,000-ஐத் தாண்டியது. அந்த ஓராண்டில் மட்டும் 30.6 சதவீதம், நாட்டிலேயே அதிகம். 2024 செப்டம்பரில் புதுக் குடியிருப்புகளுக்கு நகர மன்றம் 120 நாள் தடை போட்டு, பிறகு நீட்டித்தது. சாலை, குடிநீர், கழிவுநீர், காவல் எதுவும் ஈடுகொடுக்கவில்லை என்பது காரணம். டெக்சாஸில் இப்படித் தடை போட, வசதிகள் எவ்வளவு, தேவை எவ்வளவு, எங்கே பற்றாக்குறை என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். அதைவிட முக்கியம், ஏற்கெனவே விண்ணப்பித்து உரிமை பெற்ற திட்டங்களைத் தடை தொடாது. விண்ணப்பித்த நாளின் விதிகளே அவற்றுக்குச் செல்லும். அதனால் தடை அமலில் இருந்தபோதும் பிரின்ஸ்டனில் ஆணி அடிக்கும் சத்தம் ஓயவில்லை. ‘தடை போட்டும் கட்டுகிறார்களே’ என்று மறுபடி மன்றத்துக்குத்தான் வசவு.

சாலையிலும் இதே கதை வேறு வேடத்தில். யுஎஸ் 380 நெடுஞ்சாலை நெரிசலுக்குப் புறவழிச்சாலை வேண்டும் என்பதில் மெக்கின்னியும் பிராஸ்பரும் ஒத்துப்போயின. எந்தப் பக்கம் என்பதில் வருடக்கணக்கில் மோதின. 2023-ல் மாநில நெடுஞ்சாலைத் துறை மெக்கின்னியின் டக்கர் ஹில் குடியிருப்பை ஒட்டிய தடத்தைத் தேர்ந்தது.

தண்ணீர்: செலவு பக்கத்துக் கவுன்ட்டிக்கு

காலினுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் மொத்தக் குடிநீர் தருவது வடக்கு டெக்சாஸ் நகராட்சிக் குடிநீர் டிஸ்ட்ரிக்ட். உறுப்பினர் நகரங்கள், தாங்கள் இதுவரை அதிகபட்சமாக எடுத்த ஆண்டின் அளவுக்கே ஒவ்வோர் ஆண்டும் பணம் கட்ட வேண்டும் என்பது பழைய ஒப்பந்தம். பிளேனோ, ரிச்சர்ட்சன், கார்லண்ட், மெஸ்கிட் ஆகியவை வளர்ந்து முடிந்து, சிக்கனமும் பழகிய ஊர்கள். எடுக்காத தண்ணீருக்குப் பல ஆண்டுகள் பணம் கட்டின. அந்தப் பணம் வடக்கே விரியும் ஊர்களின் குழாய்க்கும் சேர்த்துத்தான் போனது. 2016-ல் நான்கும் மாநில ஆணையத்தில் முறையிட்டன. 2020-ல் சமரசம் வந்தது. வளர்ந்த ஊருக்கும் வளரும் ஊருக்கும் இடையே இவ்வளவு துல்லியமாக டாலரில் அளந்த சண்டை வேறில்லை.

டெக்ஸோமா ஏரியில் வரிக்குதிரைச் சிப்பி என்ற ஆக்கிரமிப்பு உயிரி பரவியதால் 2009-லிருந்து 2014 வரை அந்த நீரை டிஸ்ட்ரிக்ட் எடுக்க முடியவில்லை. அது கையிருப்பில் கால் பங்குக்கும் மேல். வறட்சியும் சேர்ந்துகொள்ள, புல்தரைக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் தண்ணீர் என்ற நிலை வந்தது. ஃபேனின் கவுன்ட்டியில் 16,641 ஏக்கரில் போ டார்க் ஏரி எழுந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு உந்துதல். 2023-ல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. டெக்சாஸில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் வந்த முதல் பெரிய நீர்த்தேக்கம். மூழ்கிய ஈரநிலத்துக்கு ஈடாக 15,000 ஏக்கர் பண்ணை ஒன்றையும் வாங்க வேண்டியிருந்தது.

நிலத்தடி நீர் இன்னும் சிக்கல். 1904-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின் வழியில், தன் நிலத்துக்கடியில் உள்ள நீரை உரிமையாளர் இறைத்துக்கொள்ளலாம், பக்கத்துக் கிணறு வற்றினாலும் பெரும்பாலும் பொறுப்பில்லை. அதைக் கட்டுப்படுத்த இருக்கும் முக்கிய அமைப்பு நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு டிஸ்ட்ரிக்ட். ஹேஸ் கவுன்ட்டியில் வேகமாக வளரும் மேற்குப் பகுதியின் டிஸ்ட்ரிக்டுக்குச் சொத்து வரி போடும் அதிகாரமில்லை. ஒற்றை வீட்டுக் கிணறுகள் அதன் பிடிக்கு வெளியே. விம்பர்லி அருகே ஜேக்கப்ஸ் வெல் என்ற ஊற்று, பதிவான வரலாற்றில் முதல்முறையாக 2000-ல் ஓட்டம் நின்றது. 2022-லிருந்து நீச்சலுக்கே மூடிக் கிடக்கிறது. அந்த டிஸ்ட்ரிக்டின் கட்டண அதிகாரத்தைக் கூட்டும் மசோதா 2025-ல் சட்டமன்றத்தில் நிறைவேறியும் ஆளுநர் கிரெக் அபாட் வீட்டோ செய்தார். இன்னொரு பக்கம், சான் அன்டோனியோவுக்காக பர்லெசன் கவுன்ட்டியிலிருந்து 142 மைல் விஸ்டா ரிட்ஜ் குழாய் 2020 முதல் ஓடுகிறது. அந்தப் பக்கத்து வீட்டுக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்க, பம்பை ஆழத்தில் இறக்கிக் கொடுக்கவும் புதுக் கிணறு போட்டுக் கொடுக்கவும் அங்குள்ள டிஸ்ட்ரிக்ட் தனித் திட்டமே வைத்திருக்கிறது.

இதில் பெரிய பூசல் இன்னும் முடியவில்லை. வடகிழக்கில் சல்ஃபர் ஆற்றில் மார்வின் நிக்கல்ஸ் என்ற பெயரில் ஏறத்தாழ 66,000 ஏக்கர் நீர்த்தேக்கம் கட்ட வேண்டும் என்பது 1968-லிருந்து மாநிலத் திட்டத்தில் இருக்கும் யோசனை. தண்ணீர் டாலஸ் பகுதிக்கு. நிலம் ரெட் ரிவர் முதலான கவுன்ட்டிகளுடையது. 2010-ல் 12,860 பேர் இருந்த ரெட் ரிவர் கவுன்ட்டி 2020-ல் 11,587 ஆனது. அங்கே வருமானம் மரம், மேய்ச்சல். நிலம் மூழ்கும், ஈட்டுக்காக இன்னொரு பெரும்பரப்பும் காப்புநிலமாகக் கையைவிட்டுப் போகும், வரி வருமானம் குறையும், மர ஆலைக்கு வரத்து குறையும். டாலஸ் பக்கத்து நீர்த்திட்டக் குழு அணை வேண்டும் என்கிறது, வடகிழக்குக் குழு வேண்டாம் என்கிறது, இரண்டும் மாநிலச் சட்டப்படி அமைந்த குழுக்கள். முதலில் உங்கள் புல்தரைக்கு ஊற்றுவதைக் குறையுங்கள் என்பது கிழக்கின் வாதம். இருக்கும் ஏரிகளை முழுதாகப் பயன்படுத்தினாலும் 2050-ஐ ஒட்டிய தேவைக்குப் போதாது என்பது மேற்கின் கணக்கு. அந்தத் தேவைக் கணக்கு நிற்பது மக்கள்தொகைக் கணிப்பின் மேல். கிழக்குக்காரர்கள் இப்போது கேள்வி கேட்கத் தொடங்கியிருப்பதும் அந்தக் கணிப்பைத்தான்.